கடைசி வகுப்பு வரை பிள்ளைகளிடம் சொல்லக் கூடாதாம்!

கேள்வி: வியட்நாமின் ஹைஃபோங் நகரத்தில் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் மூன்று வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஜூன் நடுவில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. மதுரையில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்திருக்கிறது. போவது என் முடிவுதான். ஆனாலும் ராத்திரி தூக்கம் இல்லை. கிளம்பினால் போதும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, எதற்குக் கிளம்புகிறோம் என்று இன்னொரு நேரம். வந்த முதல் மாதம் 'வெள்ளைக்கார டீச்சர் இல்லையா?' என்று என் முன்னாலேயே கேட்ட ஒரு அம்மா, இப்போது மகளை என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்.

கடைசி வகுப்பு வரை பிள்ளைகளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்கிறார் மைய இயக்குநர். கோடை வகுப்புக்குக் கட்டணம் வசூலாகும் நேரம் இது. அதற்குள் ஒரு சிறுமி எப்படியோ மோப்பம் பிடித்து 'போகப் போகிறீர்களா?' என்று கேட்டுவிட்டாள். 'அடுத்த வருடம் திரும்பி வந்துவிடுவேன்' என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கார அம்மாவிடம் போகிற பேச்சை எடுத்தால் சிரித்துவிட்டு என் கிண்ணத்தில் இன்னொரு துண்டு மீனை வைக்கிறார். இத்தனை பழகியும் அவருக்கு வருத்தமே இல்லையா? யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்றிருக்கிறது. காப்பீடு, வரி விஷயங்களும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லாமல் கிளம்பாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பெரியவர்கள் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை அப்படி இல்லை. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தால் அங்கே வேறு முகம். என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லாவிட்டால் அது தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது 'நான் அன்றைக்குச் சத்தம் போட்டேன், அதனால்தான் டீச்சர் போய்விட்டார்' என்கிற மாதிரி காரணமாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு ஆலோசனை வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

அதுவும் நீங்கள் இருப்பது வியட்நாமில். ஹனோயில் சில காலம் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒப்பந்தத்தாளில் நீங்கள் மணிக்கணக்குச் சம்பளக்காரராக இருக்கலாம், அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அப்படி இல்லை. டெட் புத்தாண்டில் முதல் நாள் அப்பா வீட்டுக்கு, இரண்டாம் நாள் அம்மா வீட்டுக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். நவம்பர் 20, அவர்களுடைய ஆசிரியர் நாளில், உங்கள் மேசையில் குவிந்த பூங்கொத்துகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர் சத்தமில்லாமல் எழுந்து போவது நன்றாக இருக்காது.

நல்லவேளையாக, நீங்கள் கிளம்புகிற பருவமே உங்களுக்குக் கைகொடுக்கிறது. அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 5இல் தொடங்கி மே முடிவதற்குள் முடிந்துவிடும். மே வந்தால் சிள்வண்டு சத்தம், தெருவெல்லாம் சிவப்பாக மே ஃப்ளவர் பூ. அவர்கள் ஃபுவோங் என்கிற அந்த மரத்தின் பூவுக்கு 'மாணவர் பூ' என்று செல்லப்பெயர். ஹைஃபோங்குக்கே 'செம்புவோங் பூ நகரம்' என்றுதான் பட்டம். டாம் பாக் ஏரிக்கரையில் நடந்தாலே ஏன் என்று தெரியும். இந்த வாரங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு 'லூ புட்' நோட்டை வகுப்பு முழுக்கச் சுற்றவிடுவார்கள். நம்மூர் ஆட்டோகிராஃப் நோட்டு மாதிரிதான். ஃபுவோங் பூவின் இதழ்களைச் சிறகாகவும் மகரந்தக் காம்புகளை மீசையாகவும் வைத்துப் பட்டாம்பூச்சி செய்து அந்தப் பக்கங்களில் ஒட்டுவார்கள். பிரிவுக்கென்று ஒரு பருவம், ஒரு பூ, ஒரு நோட்டு எல்லாம் வைத்திருக்கிற ஊர் அது. உங்கள் மாணவர்கள் பகலில் பள்ளியில் இதைச் செய்துவிட்டுத்தான் சாயங்காலம் உங்கள் மையத்துக்கு வருகிறார்கள். நீங்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல நிகழ்காலமும் கடந்தகாலமும் நடத்திக்கொண்டிருப்பதுதான் அங்கே விசித்திரம்.

எப்போது, எப்படிச் சொல்வது? சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் முன்னால் போதும். அதற்கு முன்பே சொன்னால் தினமும் 'இன்றைக்குத்தான் போகிறீர்களா?' என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கணக்கு தனி. பத்தாம் வகுப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு ஜூன் தொடக்கத்தில் வருகிறது. அந்த வீடுகளில் இப்போது யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அவர்களிடம் இப்போதே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், 'தேர்வு வரை உங்களோடு இருக்கிறேன்' என்பதையும் சேர்த்து. கேக், பாட்டு, படம் எடுப்பதெல்லாம் தேர்வு முடிந்த பிறகு.

சொல்லும்போது வகுப்பின் தொடக்கத்தில் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு மணி அடித்ததும் ஓடினால் அழுகிற பிள்ளையை வாசலில் நிற்கும் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனதாகிவிடும். பலகையில் நாட்காட்டி வரையுங்கள். கடைசி வகுப்பு எந்த நாள், புது ஆசிரியர் வரும் நாள் எது என்று வட்டம் போடுங்கள். காரணத்தை மறைக்க வேண்டாம். 'என் அம்மாவுக்குக் கால் வலி, நான் பக்கத்தில் இருக்க வேண்டும்' என்றால் ஏழு வயதுக்கும் புரியும். உதவி ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியட்நாமியத்திலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியாக்க வேண்டிய அவசியமில்லை.

உடனே எல்லோரும் அழுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருத்தி அழலாம், நாலு பேர் சிரிக்கலாம், ஒருவன் 'புது டீச்சர் ஸ்டிக்கர் தருவாரா?' என்று கேட்கலாம். ஸ்டிக்கர் கேட்டவன் உங்களை மறந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, 'அடுத்த வருடம் வந்துவிடுவேன்' என்று சொன்னீர்களே, அதைச் சரிசெய்தாக வேண்டும். அந்தச் சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு, 'அன்றைக்கு அவசரத்தில் சொல்லிவிட்டேன். எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாது' என்று சொல்லுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். அவள் அடுத்த செப்டம்பரில் வகுப்புக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டம்.

புது ஆசிரியருக்கு ஒப்படைப்பதை நான் விடைபெறும் விருந்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதுங்கள். யார் 'ரைஸ்', 'லைக்' இரண்டிலும் கடைசி மெய்யை விழுங்கி 'ரை', 'லை' என்கிறார்கள் (வியட்நாமியர்களில் பலர் இப்படித்தான், அதனால் யார் அதிகம் என்று எழுதுங்கள்), யார் வாயைத் திறக்கமாட்டாள் ஆனால் எழுத்தில் பிரமாதம், யாரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தால் வகுப்பு அவ்வளவுதான், இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதவை. முடிந்தால் கடைசிக்கு முந்தின வகுப்பில் இருவரும் சேர்ந்து நில்லுங்கள். முதல் பாதி நீங்கள், இரண்டாம் பாதி அவர். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதைப் பிள்ளைகள் பார்த்தால் போதும்.

இயக்குநர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயம் பொய்யில்லை. வெளிநாட்டு ஆசிரியரின் படத்தைப் போட்டுத்தான் சேர்க்கையே நடக்கிறது, கோடைக் கட்டணம் போனால் வாடகைக்கே இடிக்கும். ஆகவே சண்டைக்குப் போகாமல் ஒரு தாளோடு போங்கள். அதில் பெற்றோருக்கு எந்தத் தேதியில் சொல்வது, கடிதத்தில் என்ன இருக்கும், புது ஆசிரியர் யார், சேர்ந்து நடத்தும் வகுப்பு எப்போது என்று இருக்கட்டும். அவர் கேட்பதற்குள் தீர்வைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதம் மையத்தின் பெயரில் போகட்டும். பெற்றோர் ஸாலோ (நம்மூர் வாட்ஸ்அப் மாதிரி) குழுவில் நீங்களாக எதையும் போட்டுவிடாதீர்கள். எல்லோர் முன்னாலும் அவரைச் சங்கடத்தில் நிறுத்தினால் அப்புறம் எந்தச் சான்றிதழுக்கும் அவரிடம் போய் நிற்க முடியாது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 'கோடையிலும் இதே டீச்சர்தான்' என்று உங்கள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால், அதற்கு உடன்பட முடியாது என்று தனியறையில், பொறுமையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. வட வியட்நாமில் அந்த வயதுப் பெண்கள் வருத்தத்தை முகத்தில் காட்டுவது குறைவு. சங்கடமோ துக்கமோ வந்தால் சிரிப்பார்கள். பேச்சு வராத இடத்தில் சாப்பாடு வரும். அந்த மீன் துண்டுதான் அவர் பேச்சு. நம் வீடுகளிலும் இது இருக்கிறது, அதனால் உங்களுக்குத் தெரியாததில்லை. 'உங்களுக்கு வருத்தமா?' என்று கேட்டு வார்த்தையைப் பிடுங்காதீர்கள். பதிலுக்கு ஒருநாள் அவர் அடுக்களையை வாங்கி நீங்கள் சமையுங்கள். காரத்தைக் குறைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று செய்யலாம். அந்த வீட்டில் முன்னோர் பீடம் இருக்கும். அவர்கள் சந்திர மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அதில் பழமும் பூவும் வைத்து ஊதுபத்தி ஏற்றுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் அப்படி ஒரு நாள் பழம் வாங்கிப் போய், நானும் ஒரு பத்தி ஏற்றட்டுமா என்று கேளுங்கள். பத்தி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், ஒன்று அல்லது மூன்று. அந்தக் குடும்பத்தின் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போகிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். அப்போதும் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

பரிசு கொடுக்கிறீர்கள் என்றால் கத்தி, கத்தரிக்கோல், கைக்குட்டை வேண்டாம். முதல் இரண்டும் உறவை வெட்டுமாம், கைக்குட்டை கண்ணீருக்காம். வெள்ளைச் சாமந்தி சாவு வீட்டுக்கானது. இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்கமாட்டார்கள், பிடிக்கவில்லையோ என்று யோசிக்க வேண்டாம். பெற்றோர் உறையில் பணம் வைத்துக் கொடுக்கக்கூடும். பூ, தின்பண்டம், பிள்ளை வரைந்த படம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை மட்டும் நன்றி சொல்லித் திருப்பிவிடுவது நல்லது. மறுத்தும் திணித்தால் மையத்தின் விதியைக் காரணம் காட்டுங்கள், கொடுத்தவருக்கும் முகம் சுருங்காது.

இனி உங்களைப் பற்றி. போகவும் வேண்டும், போகவும் கூடாது என்று ஒரே மனம் ஒரே நாளில் சொல்வது நோயில்லை. பிடித்த இடத்தை விட்டு, சரியான காரணத்துக்காகக் கிளம்புகிற எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் தூக்கத்தைப் பற்றிய வரிக்குச் சற்றுக் கீழேயே அந்த 'வெள்ளைக்கார டீச்சர்' அம்மா வருகிறார். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவருக்குக் கதவு முதலில் திறக்கிற சந்தை அது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் காட்டி, பல இடங்களில் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பாக அந்த மரியாதையைச் சம்பாதித்திருக்கிறீர்கள். மதுரையில் நீங்கள் பத்து ஆங்கில ஆசிரியைகளில் ஒருவர். யாரும் உங்களோடு படம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இரவில் உங்களை எழுப்புவதில் இந்தப் பயத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதையும் 'பிள்ளைகளைப் பிரிகிறேனே' என்ற கணக்கிலேயே எழுதிக்கொள்ளாதீர்கள். அதற்குக் காகிதத்தில் செய்யக்கூடிய மருந்து ஒன்று உண்டு. இயக்குநரிடம் வழக்கமான அனுபவச் சான்று வாங்காமல், எந்த வயதுப் பிள்ளைகள், என்னென்ன நிலை வகுப்புகள், என்ன பொறுப்புகள் என்று விவரமாக எழுதிய கடிதம் கேளுங்கள். புதுப் பள்ளியில் முதல் வாரமே அதைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். ஊர் திரும்பி ஒரு மாதமாகியும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இவற்றில் ஏமாறாதீர்கள். அங்குள்ள 2019 தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த 14 வேலை நாட்களுக்குள் பாக்கி எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும், விதிவிலக்கான சூழலில்தான் 30 நாள் வரை இழுக்கலாம். எடுக்காத ஆண்டு விடுப்பு இருந்தால் அதையும் கணக்கில் கேளுங்கள். 2022 ஜனவரி முதல் வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளத்திலும் ஓய்வூதிய நிதிக்கு 8 சதவீதம் பிடிக்கிறார்கள். நாட்டை விட்டே போகிறவர் அதை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். கட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் சராசரியாக இரண்டு மாதச் சம்பளம் என்பது கணக்கு. எந்தச் சம்பளத்தைக் காட்டிக் கட்டினார்கள் என்பதைப் பாருங்கள், கையில் வாங்கியதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. மையம் உங்கள் சமூகக் காப்பீட்டுப் புத்தகத்தைக் காப்பீட்டு அலுவலகத்தில் முடித்துத் தந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், அதனால் இந்த வாரமே வாயைத் திறந்து கேளுங்கள். பணம் வருவதற்குள் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். தங்கும் அனுமதி தீர்ந்ததும் கணக்கை முடக்குகிற வங்கிகளும் உண்டு, நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமான வரியைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுவது முறை. முடியாவிட்டால் மையத்துக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டு வரலாம், அவர்கள் நீங்கள் வெளியேறியதிலிருந்து 45 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வேலை அனுமதி அட்டையையும் தங்கும் அட்டையையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அதற்கு முன்னால் தெளிவாக நகல் எடுங்கள். 2025 ஜூலை 1இல் ஹைஃபோங்கோடு பக்கத்து மாகாணம் இணைந்து, மாவட்ட நிலையும் எடுக்கப்பட்டுவிட்டதால், பழைய காகிதத்தில் ஒரு முகவரியும் புதியதில் வேறொன்றும் இருக்கும். சான்றிதழில் எது வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். சேமிப்பை வங்கி வழியாக அனுப்புங்கள், சம்பள, வரி ரசீதுகளைக் கேட்பார்கள். கையில் கொண்டுவந்தால் 5,000 டாலருக்கு மேலோ, அந்நாட்டுப் பணத்தில் 1.5 கோடி டாங்குக்கு மேலோ இருக்கும் பணத்தைச் சுங்கத்தில் காட்ட வேண்டும். டாங் நோட்டை மதுரையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள்.

வந்த பிறகு பிள்ளைகள் செய்தி அனுப்புவார்கள். முதல் மாதம் மழையாகக் கொட்டும், அப்புறம் குறையும், அது இயல்பு. ஸாலோ அந்த ஊர் எண்ணோடு கட்டப்பட்டது, சிம் காலாவதி ஆவதற்குள் எண்ணை மாற்றுவதற்கோ வேறு வழிக்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் அம்மாவோ அப்பாவோ இருக்கும் உரையாடலில் மாதம் ஒருமுறை படமும் நாலு வரியும் போடுங்கள். அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இரவு பத்து மணிக்கு நீங்கள் ஆசையாக அனுப்பும் செய்தி அங்கே பதினொன்றரைக்கு விழும்.

பார்க்கப் போக வேண்டும் என்று தோன்றினால் அது ஒன்றும் பெரிய மலையில்லை. 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாம் 90 நாள் இ-விசா தருகிறது, இந்தியர்களுக்கும் உண்டு. அதே வருடம் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானமும் தொடங்கியது, அங்கிருந்து ஹைஃபோங்குக்கு உள்நாட்டு விமானம். நவம்பர் 20ஐ ஒட்டிப் போனால் உங்கள் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். டிக்கெட் கைக்கு வந்த பிறகு அவர்களிடம் சொன்னால் போதும்.

இயக்குநர் எந்தத் தேதிக்கு ஒத்துக்கொண்டார் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சீக்கிரமே எழுதுங்கள், பெற்றோருக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.